கோதை சேர்க்கச் சொன்ன இரண்டு நொடிகள்

காந்தி மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கோதையின் அம்மா. மூட்டை தூக்குகிறவர்கள் “வழி, வழி” என்று இடித்துக்கொண்டு போன சத்தத்தில் முதலில் எதுவும் காதில் விழவில்லை. ஒரு பூண்டுக் கடைக்குள் ஒதுங்கி நின்று மறுபடி கேட்டேன்.

“கேப்டன் சாரா? கோதை இன்னிக்குக் கார்த்தால ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா.” குரல் உடையவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல். “நீங்க பதறிண்டு வண்டி ஓட்டிண்டு வராதேங்கோ. ஆத்துல ஏதாவது சாப்டுட்டு வாங்கோ. இன்னிக்கு இங்க வந்தா ஒரு வாய் காபிகூடத் தர முடியாது.”

மகள் போன ஒரு மணி நேரத்தில், வரப்போகிறவனின் பசியைப் பற்றிக் கவலைப்பட்டார் அந்த அம்மா. கோதை எங்கிருந்து வந்தார் என்பது அப்போது இன்னும் கொஞ்சம் புரிந்தது. பூண்டுக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. கணையத்தில் வந்த கட்டி எட்டே மாதத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவரோடு பறந்தவர்களும், அவருக்குக் கீழே விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் சொல்லப்போவதில் பாதி உங்களில் பலருக்குத் தெரியும். உடன் இருந்து முழுதும் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

அவரோடு முதல்முறை பறக்க வேண்டிய அன்று அவர் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். விமானத்தில் கேப்டனுக்கு அடுத்த இருக்கையில் உட்காரும் துணை விமானி அவர். நான் கேப்டன், பணியில் இருபத்தாறு வருடம் ஆனவன், தாமதம் பிடிக்காதவன். திருச்சி விமான நிலையத்தில் எங்கள் அறையில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தேன்.

“மன்னிச்சுக்குங்க சார். பெருமாள் குறுக்க வந்துட்டார்.”

“என்னது?”

“புறப்பாடு. எங்க வீதியில பல்லக்கு வந்தா ஸ்கூட்டரை ஓரம்கட்டித்தான் ஆகணும்.”

“தாமதத்துக்குக் காரணம்னு இதை நான் எழுத முடியுமா?”

“எழுதுங்க சார். அவர் இல்லைன்னு சொல்ல மாட்டார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எந்த உற்சவம் என்றாலும் அவரை அரை மணி நேரம் முன்கூட்டியே வரச்சொல்வது எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகிவிட்டது.

கோதை நேராக விமானியாக வந்தவர் அல்லர். எட்டு வருடம் ஹாங்கரில் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் பறக்கப் படித்தவர். விமானத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். நான் ஜீயபுரத்தில் வாழை போட்ட குடும்பத்தில் பிறந்து, சின்ன விமானங்களில் கை பழகி மேலே வந்தவன். அந்த விமானங்களில் லீவரை இழுத்தால் கம்பி இழுபடும், கம்பி இழுபட்டால் இன்ஜின் அடங்கும். கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே வேறு யாரும் கிடையாது. பிறகு ஓட்டிய பெரிய விமானங்களில் ஆட்டோ த்ரஸ்ட் என்று ஒன்று வந்தது. என்ன வேகம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், இன்ஜின்களின் விசையை அதுவே கூட்டும், குறைக்கும். நாங்கள் ஓட்டிய வகையில், அப்போது லீவர்கள் அசையக்கூட அசையாது. மேலேறுவதற்கான குறியில் வைத்தது வைத்தபடி நிற்கும், உள்ளே விசை மட்டும் ஏறி இறங்கும். எனக்கு அது பிடித்ததே இல்லை. ஓடுதளம் கண்ணில் பட்டதும் கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோ த்ரஸ்ட்டை எடுத்துவிட்டு, லீவரை நானே பிடித்து இறக்குவேன். அதில் ஒரு பெருமை.

இரண்டு மூன்று முறை இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கோதை சொன்னார். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். காக்பிட் முழுக்க நார்த்தங்காய் வாசனை.

“சார், இந்த லீவர்ல கம்பி கிடையாது. அடியில ரெண்டு சென்சார் இருக்கு. லீவர் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு அது பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நாம இன்ஜினை இழுக்கறதா நினைச்சுக்கறோம். நிஜத்துல மனுதான் போடறோம்.”

“மனு போய்ச் சேரலன்னா?”

“ஆட்டோ த்ரஸ்ட்டோட பேச்சு வேற வழியா இன்ஜினுக்குப் போகுது. அப்ப அது ஒண்ணுதான் வழி.”

“சரி, சாப்பிடுங்க” என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அது நடந்தது வளைகுடாவிலிருந்து வந்த ஒரு காலை விமானத்தில். வெகுநாள் கழித்து ஊர் திரும்பும் தொழிலாளர்கள் நிறைய. திருச்சியை நெருங்கி, பத்தாயிரம் அடியில் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். வலப்பக்கம் காவிரியும் கொள்ளிடமும் தெரிந்தன. எச்சரிக்கை மணி அடித்தது. திரையில் ஒரு வரி: வலது இன்ஜினின் லீவர் பழுது. இரண்டு சென்சாரும் போய்விட்டன. அந்த லீவர் எங்கே நிற்கிறது என்று இன்ஜினுக்கு இனித் தெரியாது.

நான் யோசிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் கையில் எடுத்துக்கொள் என்று இருபத்தாறு வருடம் பழகிய கை. வலது கை லீவர்மேல் இருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. இன்னும் ஒரு அழுத்துதான் பாக்கி.

கோதையின் இடது கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது.

“எடுக்காதீங்க சார்.”

கேப்டனின் கையைத் துணை விமானி தொடுவது என்பது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் நகரவில்லை.

“லீவர் ரெண்டும் ஏத்தத்துக்கான குறியில நிக்குது சார். ஆட்டோ த்ரஸ்ட்டை எடுத்துட்டு நீங்க இழுத்தா இடது இன்ஜின் கேட்கும், வலது கேட்காது. அது பாட்டுக்கு மேல ஏறி நின்னுடும். அப்புறம் அதை அணைக்கறதைத் தவிர வழி இருக்காது.”

என் விரல் போனது, அவர் கை வந்தது, இரண்டும் சேர்த்து இரண்டு நொடி இருக்கும். அவர் காரணம் சொல்லத் தொடங்கும்போதே கட்டைவிரலை எடுத்துவிட்டேன். அவரும் கையை எடுத்துவிட்டார். பிறகு பழுதுக்கான கையேட்டைத் திறந்து உரக்கப் படித்தார். முதல் வரியே ஆட்டோ த்ரஸ்ட்டை விடாதே என்றுதான் இருந்தது.

அடுத்த இருபது நிமிடமும் நான்தான் ஓட்டினேன். ஆனால் இனி என்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றாக முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். தரையில் தீயணைப்பு வண்டிகளை நிற்கச் சொன்னதும் அவர்தான்.

“இறங்கறதுக்காக இறக்கையோட முன்பக்கத் தகட்டை நீட்டினதும் வலது இன்ஜின் தானா அடங்கிடும் சார். லீவர் பேச்சு தெரியாதப்ப, தரைக்குப் பக்கத்துல விசை ஜாஸ்தியா இருக்கறதைவிடக் கம்மியா இருக்கறது மேல்னு அப்படி வெச்சிருக்காங்க. அப்ப பயந்துடாதீங்க. அது பழுது இல்லை, ஏற்பாடு.”

“மறுபடி மேல ஏற வேண்டி வந்தா?”

“இடது மட்டும்தான். அதனால ஒரே தடவைல இறங்கிடுவோம்.”

தகடுகள் நீண்டன. வலது இன்ஜின் அவர் சொன்னபடியே அடங்கியது. விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது, இடது கால் மிதியை அழுத்தி நேராக்கினேன். ஆட்டோ த்ரஸ்ட் மிச்சமிருந்த ஒரே இன்ஜினைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தது. நான் அத்தனை வருடம் நம்பாமல் இருந்த ஒன்று, அன்றைக்கு என்னைவிட நிதானமாக வேலை செய்தது. ஓடுதளத்தில் சக்கரம் பட்டது பயணிகளுக்குத் தெரிந்திருக்காது. பணிப்பெண்களின் தலைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “என்ன சார், இன்னிக்குப் பூ மாதிரி இறக்கிட்டீங்க” என்றார். கோதை தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றி.

அன்று மதியம் நான் அறிக்கை எழுதினேன். “பழுது தெரிந்ததும் ஆட்டோ த்ரஸ்ட்டை இயக்கத்திலேயே வைத்திருந்தோம்” என்று ஒரு வாக்கியம். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. அழுத்தாத பொத்தானை எந்தக் கருவியும் பதிவு செய்யாது. கோதை படித்தார். அந்த வாக்கியத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் கையெழுத்தையும் போட்டார்.

நிறுவனத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற விமானிகளுக்கு இதைப் பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். லீவர் போனால் என்ன ஆகும், ஆட்டோ த்ரஸ்ட்டை ஏன் விடக்கூடாது, தகடு நீட்டினால் இன்ஜின் ஏன் அடங்கும் என்று படம் போட்டு விளக்கினேன். நிதானம்தான் முக்கியம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். கோதை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் காபிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்லா விளக்கினீங்க சார். அந்த ரெண்டு செகண்டை மட்டும் விட்டுட்டீங்க. அதைச் சேர்த்துக்கங்க.”

“எதுக்கு? பேர் உங்களுக்கு வரணுமா?”

இதை நான் சொன்னேன். எழுதும்போதே கூசுகிறது. சொன்னேன் என்பதால் எழுதுகிறேன்.

அவர் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. “என் கை வேண்டாம் சார். உங்க கட்டைவிரலைச் சொல்லுங்க போதும். இவங்க எல்லாரும் ஆட்டோ த்ரஸ்ட்டை எடுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறாங்க. ஆனா கை தானாப் போகும்னு யாருக்கும் தெரியாது.”

அதன் பிறகு நாலைந்து மாதம் அவரோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு வரும் பயணங்களை மாற்றிக்கொள்ளவும் பார்த்தேன்.

அப்படி இருக்கும்போது கேப்டன் இஸ்மாயிலுக்கு அதே பழுது வந்தது. எங்கள் நிறுவனத்துக்காரர்தான், வேறு ஊரில் இருந்து பறப்பவர். மேலேறிக்கொண்டிருந்தபோது இடது லீவரின் சென்சார்கள் போயின. அவர் பொத்தானை அழுத்திவிட்டார். லீவரை இழுத்தார். வலது இன்ஜின் அடங்கியது, இடது உச்ச விசையிலேயே நின்றது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. கடைசியில் அந்த இன்ஜினை அணைத்துவிட்டு, ஒற்றை இன்ஜினோடு பக்கத்து விமான நிலையத்தில் இறக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரைப் பறக்க விடாமல் நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் என் அறிக்கையை மேஜைமேல் வைத்து, “இவர் விடவில்லையே, நீங்கள் ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார்களாம்.

இதை எனக்குச் சொன்னது இஸ்மாயில்தான். என்மேல் குறையாகச் சொல்லவில்லை. ஆலோசனை கேட்கத்தான் கூப்பிட்டார்.

“உங்க கிளாஸ்ல நானும் உக்காந்திருந்தேன் சார். நோட்ஸ்கூட எடுத்தேன். இன்ஷா அல்லாஹ், நமக்கு வந்தா இவர் மாதிரியே செய்வோம்னுதான் நினைச்சேன். என்னன்னே தெரியல, கை முந்திக்கிச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி சார் கை போகாம இருந்துச்சு?”

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, உச்சி வெயிலில், எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு வாசலில் கோதையின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. என் மனைவி மல்லிகா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கோதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

“இஸ்மாயில் சார் விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க.”

“ம்.”

“அவர் கை போன இடத்துக்குத்தான் சார் உங்க கையும் போச்சு. அவருக்குப் பக்கத்துல ஹாங்கர்ல வேலை பார்த்த பொண்ணு உக்காந்திருக்கலை. வித்தியாசம் அவ்வளவுதான்.”

மல்லிகா உள்ளே போகாமல் கதவருகில் நின்றாள்.

“நீங்களே போய்ச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நான் சொன்னா அது உங்க மேல புகார் ஆயிடும். புகார்னா நீங்க மறுப்பீங்க, நான் சாதிப்பேன், நடுவுல இஸ்மாயில் சாரை எல்லாரும் மறந்துடுவாங்க. நீங்க சொன்னா அப்படி ஆகாது.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்களைச் சொல்ல வைக்கணும்னு வரலை சார். என்னால இதைத் தனியா வெச்சுக்கிட்டு இருக்க முடியலை. அதான் வந்தேன்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மல்லிகாவிடம் “போயிட்டு வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு மல்லிகா கேட்டாள்.

“என்னங்க, நீங்க எங்கிட்ட சொன்னப்பவும் இவங்க கை அதுல இல்லையே?”

அவளிடமும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் விமானத்தில் நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். மறுநாள் எழுத்தில் போட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தேன். நேரில் கூப்பிட்டபோது போய், என் வலது கையைக் காட்டி, கட்டைவிரல் எங்கே இருந்தது என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், தானும் பழைய விமானி, தன்னையறியாமல் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

இஸ்மாயில் மறுபயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பப் பறக்க வந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வகுப்பு எடுக்கும் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நியாயம்தான். அந்த வகுப்பைக் கோதையிடம் கொடுத்தார்கள். அவர் அதை வகுப்பறையிலிருந்து, தரையிலேயே பறக்கப் பழகும் சிமுலேட்டருக்குக் கொண்டுபோனார். முன்கூட்டி எதுவும் சொல்லாமல் லீவர் பழுதைக் கொடுத்துவிட்டு, விமானியின் கை எங்கே போகிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பார். பத்தில் ஏழெட்டுக் கை பொத்தானுக்குத்தான் போகும் என்று சொல்வார். யாரையும் திட்டமாட்டார். “போச்சா? எல்லாருக்கும் போகும். இப்ப அது உங்களுக்கே தெரியுமில்லையா? இனிமே பார்த்துப்பீங்க” என்பார். உங்களில் பலர் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

எனக்கு ஓய்வு பெறும்வரை தெரியாமல் இருந்த ஒன்று உண்டு. அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருந்ததால், அவருக்கும் எச்சரிக்கை போயிருந்தது. கேப்டன் ஆவதற்கான அவர் முறையை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். என் வீட்டுக்கு வந்த அன்றே அவருக்கு அது தெரியும். விதிகளை என்னைவிட நன்றாகப் படித்தவர் அவர். நான் ஓய்வு பெற்ற விழாவில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். “ஆமாம் சார். அந்த வருஷம் நிம்மதியாத் தூங்கினேன்” என்றார். கோதை எங்கேயும் எப்போதும் தூங்கக்கூடியவர், விமானத்திலிருந்து ஊழியர் பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு கேப்டன் ஆனார். மூன்று வருடம் கேப்டனுக்கான அந்த இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தார். அப்புறம் வயிற்று வலி என்று மருத்துவரிடம் போனார்.

நோய்க்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்ரீரங்கம் போய்வந்தேன். ஜீயபுரத்தில் என் தம்பி தோட்டத்து ஏலரிசி வாழைப்பழம் அவருக்குப் பிடிக்கும். பிறகு பிறகு அதுவும் இறங்கவில்லை, ஆனாலும் கொண்டுபோவேன். வேலையிடத்தில் எங்களிடம் எல்லாம் “வாங்க, சொல்லுங்க” என்று பேசும் கோதை, வீட்டில் அம்மாவிடம் பேசுவது வேறு தமிழ். உடம்பு தளரத் தளர அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பேச அவரால் முடியவில்லை. ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் “வாங்கோ சார், உக்காருங்கோ” என்றார். அந்த ஒரு எழுத்தில் நான் அந்த வீட்டு மனிதன் ஆகிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

கடைசிக்கு முந்தின வாரம் அவராகவே அந்தக் காலையைப் பற்றிப் பேசினார்.

“ஒரு விஷயம் சொல்லணும் சார். அன்னிக்கு உங்களை நான் இடது கையால தொட்டுட்டேன்.”

“உங்க இடது கைதானே என் பக்கம் இருந்துது.”

“அது இல்லை. வாயால சொல்லியிருக்கணும். தொட்டிருக்கக்கூடாது. நான் சொன்னாக் கேப்பேளோன்னு சந்தேகம் வந்துடுத்து, அதான் கை போயிடுத்து. என் கையும் முந்திண்டுதான் போச்சு, பார்த்தேளா.”

“சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனான்னு எனக்கே தெரியாதும்மா” என்றேன். அவரை நான் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். “சிமுலேட்டர் வகுப்புல இதையும் சேர்த்துடுங்கோன்னு சொல்லணும்” என்று மூடிய கண்ணோடு சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். சேர்த்துவிட்டார்கள்.

கோதை போன அன்று வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், அந்த அம்மா சொன்னபடி. வீதியில் சீருடையிலேயே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஹாங்கரிலிருந்து வந்தவர்கள் தனியே ஒரு பக்கம். கோதையின் பெரியப்பா மகன் ஒருவர் காரியங்களைச் செய்தார். கேப்டன் இஸ்மாயில் விடியற்காலை விமானத்தை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். கொள்ளிடக்கரைவரை எங்களோடு நடந்துவந்தார். வழியில் அவருக்கு அந்த உச்சி வெயில் நாளைப் பற்றிச் சொன்னேன். நான் வாக்குமூலம் கொடுத்தது அவருக்குத் தெரியும். என் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பற்றித் தெரியாது. “ஒரு தேங்க்ஸ்கூடச் சொன்னதில்லையே சார் நான் அவங்களுக்கு” என்றார். அப்புறம் மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதிமூன்றாம் நாள் கழிந்த மறுநாள் நானும் மல்லிகாவும் போனோம். கூட்டமெல்லாம் கலைந்திருந்தது. கோதையின் அம்மா எங்களை உட்காரவைத்து, இந்த முறை காபி கொடுத்தார்.

“உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவ ஓட்டின பிளேன்ல நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை. எனக்குப் பயம். ‘வாம்மா, வாம்மா’ன்னு கூப்டுண்டே இருப்பா. ‘அடுத்த மாசம், அடுத்த மாசம்’ம்பேன். இப்ப அவ என்ன மாதிரி பைலட்டுன்னு எனக்குத் தெரியலை. நல்லா ஓட்டுவாளா?”

அவருக்கு அந்தக் காலையைச் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, இடையிடையே கேள்வி கேட்டார். சென்சார் இரண்டு எதற்கு, ஆட்டோ த்ரஸ்ட்டின் பேச்சு எந்த வழியாகப் போகிறது, இன்ஜினை அடங்கவிடுவது எப்படிப் பத்திரமாகும் என்று எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டார். என் கட்டைவிரலைச் சொன்னேன். அறிக்கையைச் சொன்னேன். காபிக் கோப்பையோடு நின்றவரிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியையும் சொன்னேன். மல்லிகாவுக்கே அது அன்றுதான் தெரியும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அந்த அம்மா எங்கள் காபி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

“அவ ‘எடுக்காதீங்க’ன்னு சொன்ன உடனே நீங்க விரலை எடுத்துட்டேளா?”

“எடுத்துட்டேன்மா.”

“கோபம் வந்தும் எடுத்தேளா?”

“ஆமாம்மா.”

“பிளேன்ல எத்தனை பேர்?”

“நூத்தெழுபது பேர் இருப்பாங்க.”

“இத்தனை வருஷத்துல அவ சொன்னதைக் கேக்காதவா எத்தனையோ பேர். ஹாங்கர்ல, ஆபீஸ்ல, ஏன், அவ அப்பாகூட. சாயங்காலம் வந்து எங்கிட்ட சொல்லி வருத்தப்படுவா.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட வந்து உக்காந்தா. ‘அம்மா, இன்னிக்கு ஒருத்தர் நான் சொன்னதைக் கேட்டார்’னா. அவ்வளவுதான் சொன்னா. யாருன்னு சொல்லலை, எதுக்குன்னு சொல்லலை. அத்தனை சந்தோஷமா அவ பேசிக் கேட்டதில்லை. நீங்கதானா அது.”

கோதையிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று இத்தனை நாள் நினைத்துப் பார்த்தபோதெல்லாம், நான் விட்டுவிட்ட இரண்டு நொடிகளும், அவரைக் கேட்ட அந்தக் கேள்வியும்தான் நினைவுக்கு வரும். அவற்றைக் கீழே வைக்கப்போவதில்லை. ஆனால் அந்த அம்மா வீட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கோதைக்கு அன்று அது என் தவறு நடந்த நாளாக இல்லை. யாரோ ஒருவர் தன் சொல்லைக் கேட்ட நாளாக இருந்திருக்கிறது. அந்த ஒருவர் நான். அதை வைத்துக்கொள்கிறேன்.